பூதியின் கைக்குப் பாடாத கல்

நலம் பெருகுக. மழை பொய்யாத ஆழிமலை நாட்டை அறம் வழுவாது ஆண்டருளும் அரசி கோதைமாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் காரிதேவன், செம்பாறை நாட்டின் காவலரும் அடைக்கலம் புகுந்தாரைக் கைவிடாத குடியில் தோன்றியவருமாகிய வேள் நன்னாகனார்க்கு எழுதுவது. தங்கள் கோட்டையும் குடிகளும் நெற்குதிர்களும் நிறைந்து விளங்குக.

தங்கள் ஓலை கண்டோம். எம் யந்திரத் தச்சர் கண்ணந்தையார் தங்களிடம் அடைக்கலமாக இருக்கிறார் என்றும், சோறு இறங்காமல் கிடக்கிறார் என்றும், அவரை ஒப்படைப்பதினும் போரே மேல் என்றும் எழுதியிருந்தீர்கள். வாள் உறையிலேயே இருக்கட்டும். நடந்ததை முழுதும் கேட்டால் தாங்களே சிரிப்பீர்கள்.

எம் தலைநகரில் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே ஆட ஒரு களம் வேண்டும், கண் காணாத பிள்ளையோ காது கேளாத பிள்ளையோ கால் ஊன்றாத பிள்ளையோ வேலிக்கு வெளியே நின்று ஏங்கலாகாது என்று அரசியார் ஆணையிட்டார். கண்ணந்தையார் ஓராண்டு உழைத்தார். ஏரிக்கரையில் பன்னிரண்டு கற்பலகைகளைப் பதித்து, ஒவ்வொன்றின் கீழும் தோல் துருத்தியும் ஊதுகுழலும் நீர்க்குழாயும் அமைத்தார். மிதித்தால் குழல் பாடும், நீர் பீறிடும், கல் அதிரும். காணாதவர் கேட்கலாம், கேளாதவர் காணலாம், உள்ளங்காலால் உணரலாம். மனிதர் கெட்டிக்காரர், அதில் ஐயமில்லை. ஆனால் துருத்தியின் அளவைத் தம் இரு மக்களைக் குதிக்கவைத்தே பார்த்தார். அவர்களோ வெல்லம் தின்று வளர்ந்த தடியர்கள்.

திறப்பு நாளில் அரசியார் முதற்கல்லை மிதித்தார்; பாடிற்று. பிள்ளைகள் குதித்தனர், பாடிற்று. குயவர் தெருப் பூதி பத்து வயதினள், கைகளை ஊன்றித் தவழ்ந்தே செல்பவள். ஏழாம் கல்லில் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். பாடவில்லை. மூச்சடக்கி மீண்டும் அழுத்தினாள். ஊரே பார்த்திருக்க அந்தக் கல் வாய் திறக்கவில்லை. அவள் முகத்தைக் கண்ணந்தையார் கண்டார். யாருக்காகச் செய்தாரோ அவளுக்கே ஆகவில்லையே! அரசாணையில் தவறியவரின் உளியைப் பறித்து நாடு கடத்துவது எம் வழக்கம். அந்த வேலையை எமக்கு வைக்காமல், தலைப்பாகையைக் களத்திலேயே போட்டுவிட்டு, உளியை மட்டும் தூக்கிக்கொண்டு குடல் தெறிக்க ஓடியவர், துறையில் படகேறித் தங்கள் எல்லையில்தான் நின்றார். இன்னும் அரை நாழிகை பொறுத்திருக்கலாம், பாவம்.

அவர் காணாதது இது. பூதி அழவில்லை. அருகில் நின்ற, கண் காணாத தோழி ஒருத்தியின் கையைப் பற்றி இழுத்துக் கல்லின்மேல் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கல் முனகிற்று. இன்னொரு பிள்ளையும் வந்து விழ, குழல் பாடிற்று. நீர் எழுந்து அரசியாரின் பட்டாடையை நனைத்தது. முதலில் சிரித்தவர் அரசியாரே. அன்றுமுதல் கூட்டமாய்க் கல்லின்மேல் விழுந்து புரள்வதே எம் பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டம்.

பிழையும் நன்மைக்கே, பிள்ளைகள் கூடி ஆடக் கற்றனர் என்று அவையில் நாங்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டிருந்தோம். அரசியார் மட்டும் பூதியை அழைத்து அவள் கருத்தைக் கேட்டார். அவள் சொன்னதைத் திருத்தாமல் பொறிக்கிறோம்:

"கூட்டமா ஆடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தனியா கை வச்சாலும் அது பாடணும். அவரு ஏன் ஓடினாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எமக்கு வெட்கமாயிற்று. கல்லும் தோலும் மரமும் கேட்டு ஓராண்டாக எத்தனையோ ஓலைகள் வரைந்தோம். அவளை ஒரு வார்த்தை கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே அரசியாரின் ஆணை யாதெனில்: கண்ணந்தையாரின் குற்றம் பொறுக்கப்பட்டது. அவரை விலங்கின்றி, வயிறார உண்பித்து, உளியோடு படகேற்றி அனுப்புக. கூடி ஆட ஆறு கற்கள் அப்படியே இருக்க, மற்ற ஆறும் ஒரு கைக்குப் பாடுமாறு அவர் மாற்றித் தரக்கடவர். துறையில் அவரைப் பிடிக்கக் காவலர் எவரும் நில்லார். துருத்திக்கு அளவு சொல்லப் பூதி இருப்பாள். அவள் சரி என்னும்வரை அவர் உளியைக் கீழே வைக்கலாகாது.

ஏரி நிறைந்து ஊர் தழைக்குமளவும் இவ்வாணை நிலைபெறுக என நீர்க்கோழி இலச்சினை இட்டு இவ்வோலை விடுத்தோம். காலம் தாழ்த்தாது அனுப்புக. பூதி இன்று காலையே துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.