லைஃப் ஜாக்கெட் அணிந்த மல்லன்

இன்று காலை வெஸ்ட்மீட்டில் என் கிளினிக்குக்குப் புது ரப்பர் விரிப்பு வந்தது. இரண்டு பேர் சுருளாகத் தூக்கிவந்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, தரையில் உருட்டிவிட்டுப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க அந்த வாசம். பல்கலைக்கழக ஜிம்மின் நிலக்கீழ் அறையில் நாமிருவரும் நான்கு வருடம் விழுந்து எழும்பிய விரிப்பின் அதே வாசம். முதுகுவலியோடு வந்திருந்த ஒரு அன்ரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பின்கதவால் வெளியேறிக் கார்கள் நடுவே நின்றேன். நீ செத்து இரண்டு வருடமாகிறது. இன்னும் ஒரு விரிப்பு என்னை என் சொந்த அறையிலிருந்து துரத்துகிறது. உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது அழுகையால் அல்ல, எரிச்சலால்.

உன்னை முதலில் பார்த்ததும் அந்த அறையில்தான். நான் பிசியோதெரபி முதலாம் வருடம். மகளிர் மல்யுத்த அணிக்கு ஆள் போதாது என்று என்னையும் இழுத்துவிட்டிருந்தார்கள். நீ உன்னைவிட ஒரு தலை உயரமான ஒருவனின் காலைப் பிடித்துத் தூக்கி, குழந்தையைப் படுக்கவைப்பதுபோலத் தரையில் வைத்தாய். எறியவில்லை, வைத்தாய். பிறகு வியர்வையைத் துடைத்தபடி வந்து என் பையில் தொங்கிய பெயரைப் பார்த்தாய்.

"தமிழோ?"

"ஓம்."

"நல்லதாப் போச்சு. இஞ்ச ஒருத்தற்றை வாயிலையும் என்ர பேர் வருகுதில்லை. நீ ஒருக்காச் சொல்லிக் காட்டு."

அன்று நான் உன் பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவனுக்கும் சரியாக வரவில்லை. நீ மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் கதையை நீயாகச் சொல்ல ஒரு வருடம் எடுத்தது. பதினாலு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் வந்தது, அம்மாவும் தங்கச்சியும் வவுனியாவிலேயே நின்றுவிட்டது, தற்காலிக விசாவை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும்போது அப்பா இரவிரவாகக் கடதாசிகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவது. பல்கலைக்கழகம் உனக்கு உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்டது. பதிலுக்கு நீ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அடுத்தடுத்து இரண்டு தடவை தங்கம் கொண்டுவந்து கொடுத்தாய். உன் படம் ஜிம் வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கியது.

நாட்டு அணிக்குத் தேர்வு வந்தபோது பயிற்சியாளர் உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வெளியே காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் வந்தாய்.

"பாஸ்போட் வேணுமாம்" என்றாய்.

"எந்த நாட்டுப் பாஸ்போட்?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஏதாவது ஒரு நாட்டினது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

உன்னிடம் மூன்று முறை தோற்றவன் அந்த நாட்டு அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அவனுடைய போட்டியை எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தாய். "இடது காலைப் பிடியடா, இடது காலை!" என்று அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாய். எனக்குத்தான் தொலைக்காட்சியை உடைக்கவேண்டும்போல இருந்தது.

படிப்பு முடிந்த பிறகு நீ காட்சி மல்யுத்தத்துக்குப் போனாய். அங்கே யாரும் பாஸ்போட் கேட்கவில்லை. லிட்கம்மில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் மல்யுத்த வளையத்தைக் கட்டி, பகல் முழுக்கப் பயிற்சி. யார் வெல்வது, யார் தோற்பது எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகும் என்று எனக்கு விளக்கினாய். "முடிவு மட்டும்தான் பொய். விழுகிறது நிசம்" என்றாய். உன் தோள்களைப் பார்த்தாலே அது தெரிந்தது. ஒவ்வொரு திங்களும் என்னிடம் வந்து பிடித்துவிடச் சொல்வாய்.

அந்தக் காட்சிகளை நடத்திய முதலாளி ஒருநாள் நீ இந்த நாட்டுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டிருக்கிறார். நீயும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். இரண்டு கிழமை கழித்து உனக்கு ஒரு வேஷம் தயாரானது: செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட், கழுத்தில் விசில், கிழிந்த சாரம். கடலோரக் காவல் சைரன் அலற, நீல விளக்குகள் சுழல, நீ ஒரு ரப்பர் படகை இழுத்துக்கொண்டு நடந்து வரவேண்டும். மேடையில் உனக்கு வைத்த பெயர் 'படகுக்காரன்'.

"வேற ஏதும் தரச் சொல்லிக் கேளன்" என்றேன்.

"கேட்டனான். வேண்டாமெண்டால் கதிரை அடுக்கட்டாம். கொஞ்ச நாளுக்குத்தானடி."

கொஞ்ச நாள் என்பது மூன்று வருடமானது. நீ கெட்டிக்காரன், அதுதான் உனக்கு வினையாகப் போனது. உன்னைப்போல அழகாக விழ அங்கே ஒருவராலும் முடியவில்லை. நீ விழுகிற விழுகையில் எதிரே நின்ற சோப்ளாங்கிகூட மாவீரனாகத் தெரிந்தான். பல்கலைக்கழகத்தில் கற்றது அத்தனையும் மற்றவனைப் பலசாலியாகக் காட்டுவதற்கே செலவானது. கூட்டம் எழும்பி நின்று, தாளம் போட்டு, "வந்த படகிலேயே திரும்பிப் போ" என்று பாடும். அப்பாமாரின் தோளில் இருந்த சிறுபிள்ளைகளும் சேர்ந்து பாடும். நீ காதைப் பொத்தி, முகத்தைக் கோணலாக்கி, இன்னும் கத்துங்கள் என்று கையைக் காட்டுவாய்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. முதலில் மானம் போகிறது என்றார்கள். நீ பிரபலமானதும் ஒரு சங்கம் விளையாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டது. "அந்த உடுப்பை மட்டும் கொண்டு வராதேங்கோ தம்பி" என்றார் செயலாளர். நீ கோட்டும் சூட்டும் போட்டுப் போனாய். வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

உன் அப்பாவுக்கு நீ எதையும் சொல்லியிருக்கவில்லை. மகன் மல்யுத்தம் செய்கிறான், பல்கலைக்கழகத்தில் செய்ததுபோல, அவ்வளவுதான் அவர் அறிந்தது. கோழித் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒருவர் போனில் உன் படத்தைக் காட்டிவிட்டார். ஒரு சனிக்கிழமை பின்னேரம், குடும்பங்களுக்கான காட்சி ஒன்றுக்கு, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு மூன்றாம் வரிசையில் இருந்தார். சைரன் அலறியது. நீ வந்தாய். அந்தப் பாட்டு தொடங்கியது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் அந்தச் சில சொற்கள் அவருக்குத் தெரிந்தவைதான். முடியும்வரை அவர் எழும்பவில்லை.

காரில் நீ முன்னால், அவர் பின்னால். நான் ஓட்டினேன். பிரதான வீதிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, எங்கட வள்ளத்திலை அது இருக்கேல்லையே."

"எது அப்பா?"

"அந்த ஜாக்கெட். நூற்றிச்சொச்சம் பேருக்கு ஆறோ ஏழோதான் இருந்தது. உனக்கு ஒண்டு கேட்டு நான் ஒருத்தன்ர காலைப் பிடிச்சனான். அவன் தரேல்லை."

நீ கண்ணாடியூடே வெளியே பார்த்தபடி, "இது ஷோ அப்பா. சும்மா ஷோ" என்றாய்.

அதற்குப் பிறகு நீ மாறினாய். முதலாளியோடு மல்லுக்கட்டினாய். கடைசியில் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார்: மெல்பேர்னில் பெரிய காட்சி, அதில் படகுக்காரன் பட்டத்தை வெல்வான், வளையத்தின் நடுவே ஜாக்கெட்டைக் கழற்றி எறிவான், ஒலிபெருக்கியில் உன் சொந்தப் பெயர் சொல்லப்படும். அறிவிப்பாளருக்கு உன் பெயரை உச்சரிக்கப் பழக்கும்படி என்னிடமே கேட்டாய். நானும் என் குரலில் பதிந்து அனுப்பினேன்.

காட்சிக்கு எட்டு நாள் இருக்கையில், பயிற்சியில் உன்னைத் தூக்கிய ஒருவன் கை நழுவவிட்டான். பின்மண்டை அடிபட்டது. கிளினிக் பூட்டும் நேரத்தில் பின்கதவால் வந்தாய். பதிவேட்டில் பெயர் எழுதவேண்டாம் என்றாய். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் என்று தொடங்கி ஆகஸ்டில் நின்றுவிட்டாய். பிறகு கழுவும் தொட்டியில் சத்தி எடுத்தாய்.

"மூளை குலுங்கியிருக்கு. ஆசுப்பத்திரிக்கு இப்பவே போவம். கிழமைக் கணக்கிலை வளையத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"மெல்பேர்ன் முடியட்டும்."

"இன்னொருக்கா அடிபட்டால் செத்துப்போவாய். பகிடி விடேல்லை. நான் அப்பாட்டைச் சொல்லப்போறன்."

என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்தப் பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை. "கேள். இந்த ஒரு மேட்ச். அதுக்குப் பிறகு என்ர பேரிலை விளையாடுவன். நீ சொன்னால் அப்பா கதவை மறிச்சுக்கொண்டு நிப்பார். நான் சாகுமட்டும் அந்த ஜாக்கெட்டுக்குள்ளதான் கிடப்பன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தொழில் தெரிந்தவள், பாடப் புத்தகத்தில் படித்தவள், சத்தியம் பண்ணினேன். உன் மேல் வைத்த நட்பு என்று அப்போது நினைத்தேன். உன் கோபத்துக்குப் பயந்தேன் என்று இப்போது தெரிகிறது.

மெல்பேர்னில் நீ ஜாக்கெட்டைக் கழற்றும் கட்டம் வரவேயில்லை. மூன்றாவது விழுகைக்குப் பிறகு நீ எழும்பவில்லை. நீ நடிக்கிறாய் என்று நினைத்துக் கூட்டம் பாடிக்கொண்டேயிருந்ததாம். நானும் அப்பாவும் மறுநாள் காலை முதல் விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது, உன் தலையில் பாதியை மழித்துக் குழாய் பொருத்தியிருந்தார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு பெண் வைத்தியர் எங்களிடம் வந்து, அண்மையில் தலையில் வேறு அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். உன் அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். நான் ஆங்கிலத்தில், மிக வேகமாக, தாழ்ந்த குரலில், நாளையும் அறிகுறியையும் சொல்லி முடித்தேன். அப்பாவுக்கு விளங்கக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கதைத்தேன். வைத்தியர் எழுதிக்கொண்டு போனார்.

"என்ன பிள்ளை கேக்கினம்?" என்றார் அப்பா.

"வழமையாக் கேக்கிறதுதான் அங்கிள்."

அவர் தலையாட்டினார். நீ மூன்றாம் நாள் போனாய்.

வவுனியாவிலிருந்து உன் அம்மா உன் செத்தவீட்டைப் போனில் பார்த்தார். முதலாளி ஒரு பெரிய மலர்வளையத்தோடு வந்து அழுதார், நிசமாகவே அழுதார். அதில் 'படகுக்காரனுக்கு' என்று எழுதியிருந்தது. உன் பெயர் இல்லை. சில மாதம் கழித்து, அந்த ஜாக்கெட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து உன் அப்பாவுக்கு அனுப்பினார்கள். அப்பா அதைக் கவுன்சில் குப்பை வண்டி ஏற்றிப்போகும் உடைந்த கட்டில்கள், பழைய மெத்தைகளோடு வாசலில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். அன்றுதான் எனக்கு இனியும் தாங்காது என்று தெரிந்தது. பின்னாலேயே போனேன்.

குசினியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பின்கதவு, மாதங்கள், சத்தியம், நான் வேகமாகப் பேசிய ஆங்கிலம். அவர் அடுப்பை நிறுத்தினார்.

"எத்தினை நாளுக்கு முந்தி?"

"எட்டு நாள் அங்கிள்."

"எட்டு நாளும் இஞ்சதான் சாப்பிட்டவன்" என்றார். "வீட்டுக்குள்ள வந்தோடனை லைட்டை நிப்பாட்டுங்கோ அப்பா எண்டுவான். கண் கூசுதெண்டு எனக்குத் தெரியாது. கரண்ட் மிச்சம் பிடிக்கிறான், பொறுப்பு வந்திட்டுதெண்டு சந்தோசப்பட்டனான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்பை விழுங்கியிருப்பன். அவன் என்னை ஆயுசுக்கும் வெறுத்திருப்பான். வெறுக்கட்டுமே. உயிரோடை இருந்து வெறுத்திருப்பான்."

வாசல்வரை என் பின்னால் வந்தார். நம் ஆட்கள் விடைகொடுக்கும்போது 'போட்டு வா', போய் வா என்றுதான் சொல்வார்கள், எவ்வளவு பகையிருந்தாலும். அவர் கதவில் கை வைத்துக்கொண்டு, "போ பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு முறை போனேன். உள்ளே தொலைக்காட்சி கேட்டது, கதவு திறக்கவில்லை.

அவருக்கு என் மேல் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. எனக்கும் உன் மேல் இருக்கிறது. நீ ஒரு பெயருக்காகப் போனாய், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த எட்டு நாளை என் மடியில் கட்டிவிட்டுப் போனாயே, அதை நான் எங்கே இறக்கிவைப்பது? இப்போது யாராவது என் முன்னால் குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லாத" என்று தொடங்கினால், கையை உயர்த்தி நிறுத்திவிடுகிறேன். நோயாளி, என் தங்கச்சி, கூட வேலை செய்பவர்கள், யாராக இருந்தாலும். முகம் கறுத்துப் போகிறார்கள். காரணம் சொல்வதில்லை. முதலில் வேலையிடத்தில் கதைப்பது குறைந்தது, பிறகு போன் வருவது குறைந்தது. உனக்குப் பிறகு என்னிடம் யாரும் மனம்விட்டுக் கதைத்ததில்லை. நானும் கதைக்க விடுவதில்லை.