அமலி பேரை எடுத்துவிட்ட தம்பிக்கு

தம்பி,

இன்று காலையில் உன் மகன் வந்து நடுவீட்டில் ஒரு ஃபிளெக்ஸை விரித்தான். அதன் மை வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. நீ போய்ச் சேர்ந்த முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில் வாசலில் கட்டப்போகிறார்களாம். படத்தில் நீ சிரிக்கிறாய். கீழே, 'பூ விலைச் செய்தியை உருவாக்கித் தந்தவர்' என்று பெரிய எழுத்து.

"எப்படி இருக்கு அத்தே?" என்றான்.

"படம் நல்லாருக்கு. எழுத்துதான் பொய்யி" என்றேன். சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மீதியை அவனிடம் சொல்ல எனக்கு ஏலவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் நீ கம்பெனி திறந்தபோது, என் பேத்தி அமலியை உன்னை நம்பித்தான் அனுப்பினேன். அகரம், தாடிக்கொம்புப் பக்கம் மல்லி போட்டவர்கள் போனில் கேட்டால் அன்றைய விலை போய்ச் சேர வேண்டும். அதுதான் வேலை.

"அதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர வாங்கி ராப்பகலா ஓட விட வேணாம் அம்மாச்சி. எங்கியோ வாடகைக்குக் கெடக்கும். ஆள் கேட்டா முழிக்கும், வெலயச் சொல்லும், மறுபடி படுத்துக்கும்" என்றாள் அமலி.

"ஒந் தாத்தன் மாதிரின்னு சொல்லு" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அப்படி முழிக்கிற ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததாம். வந்த கேள்வியைப் பிரிக்க, கேட்டது யாரென்று பார்க்க, பதிலைக் கட்டி அனுப்ப. அமலி அதை மட்டும் ரூபி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரே தடவை சுருக்கி எழுதி, எவரும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிற சின்ன லைப்ரரியாக ஆக்கினாள். 'மொட்டு' என்று பேர் வைத்து, எழுதியவள் என்று உள்ளே தன் பேரையும் போட்டாள். தவக்காலம் முழுக்க என் அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதினாள். வெஞ்சனத்துக்குக் காய் அரியக் கூப்பிட்டால், "இருங்க, இன்னும் ஒரு வரியக் கொறச்சுட்டு வாரேன்" என்பாள். எழுதுவது என்றால் கூட்டுவது என்று நினைத்திருந்தேன். இவள் குறைத்துக்கொண்டே இருந்தாள். கனமாக இருந்தால் முழிக்க நேரமாகுமாம்.

யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், எழுதியவர் பேரை மட்டும் எடுக்கக் கூடாது. அந்த வேலை செய்கிறவர்களிடையே அதுதான் மரியாதையாம்.

கோயில் பங்கு மன்றத்தில் பூக்காரர்கள் கூடி உனக்கும் உன் மகனுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நீ மைக்கைப் பிடித்து, "இது எம் மகன் எழுதுனது" என்றாய். அமலி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை தட்ட எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவள் திறந்து பார்த்தால், மொட்டுக்குள்ளும் அவள் பேர் இல்லை.

மறுநாள் உன்னைக் கேட்டேன். "நம்ம வீட்டுப் புள்ளதானக்கா. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. அவளுக்குப் பேரு என்னத்துக்கு?" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய். சொன்னதைவிட அந்தச் சிரிப்பைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உன் மகன் மொட்டுக்குள் கண்டதையும் ஏற்றினான். கடை விளம்பரம், படம், பண்டிகை வாழ்த்து. அமலி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. வைகாசி முகூர்த்தத்துக்கு முதல் நாள் பூ விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்க, அது முழிக்கவே திணறியது. பாதிப் பேருக்குப் பதில் வரவில்லை, மீதிப் பேருக்கு வேளை கெட்டு வந்தது. அகரத்துக்காரர் ஒருவர் மாடியேறி வந்து, "தரகன் சொன்ன வெலைக்கு வித்துட்டு பஸ்ஸும் ஏறிட்டேன். இப்பப் போயி நல்ல வெல சொல்லுதுய்யா ஒங்க போனு" என்றார்.

மாடியில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் நீ அமலியைப் பார்த்துக் கையை நீட்டினாய். "எல்லாம் அமலி எழுதுனதுய்யா. அவளக் கேளுங்க."

உன் வாயில் அவள் பேர் வந்தது அன்றைக்குத்தான்.

வேலையை விட்டுவிட்டு வந்தவளைத் தேடி நாலு நாளில் நீயே வந்து என் வாசலில் நின்றாய்.

"அக்கா, புள்ளய அனுப்பு. செத்த நேரம் பாத்துக் குடுத்துட்டு வரட்டும்."

"அத யாரு எழுதுனது?"

"நடந்தது நடந்துபோச்சுல்லக்கா."

"யாரு எழுதுனதுன்னு கேட்டேன்."

நீ உன் செருப்பைப் பார்த்தாய்.

"ஒம் மகன்தான எழுதுனான். அவனையே பாக்கச் சொல்லுலே" என்று கதவைச் சாத்தினேன். உன் கம்பெனி படுத்தபோது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேனே, எதற்கென்று நினைத்தாய்? அந்த ஒரு பேரை நீ சொல்லுவாய் என்றுதான். நீ தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன்.

அமலி மொட்டைப் பழையபடி இளைக்க வைத்து, தன் பேரோடு எல்லாரும் எடுக்கும்படி போட்டுவிட்டாள். எந்தெந்த ஊர்க்காரர்களோ எடுத்துக்கொள்கிறார்கள். "விடுங்க அம்மாச்சி" என்கிறாள். பங்குச் சாமியாரும், "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"அவன் கேக்கலையே சாமி. கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்க?" என்றேன்.

சாயங்காலம் செபமாலை முடிந்ததும் நம் குடும்பத்தில் மரித்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி மன்றாடுவது மூத்தவளான என் பொறுப்பு. சின்னவனாக இருந்தபோது நீ என் மடியில் தூங்கிக்கொண்டே அதற்கு ஆமென் சொல்லுவாய். அந்தத் தலையின் கனம் இன்னும் என் தொடையில் இருக்கிறது. இப்போது அய்யா பேரைச் சொல்லுகிறேன், அம்மா பேரை, என் வீட்டுக்காரர் பேரை. அதோடு நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

உன் மகன் நாலு பேர் முன்னால் அமலியின் பேரைச் சொல்லட்டும். அன்று சாயங்காலமே உன் பேரைச் சொல்லுகிறேன். அதுவரை அங்கே பேர் இல்லாமல் இரு.