டோக்கன் இல்லாமல் நுழைந்தவள்

மார்ச் 4, செவ்வாய்

சபை நாடகத்தை எழுதி முடித்தாச்சு! நான்! கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற நான்!

சுவிசேஷத்தில் ஒரு இடம் மட்டும் உறுத்தியது. ஜெப ஆலயத் தலைவர் இயேசுவின் காலில் விழுகிறார், மகள் சாகக் கிடக்கிறாள், வாருங்கள் என்று. இயேசுவும் கிளம்பிவிட்டார். பாதி வழியில், பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கோடு அல்லாடும் ஒருத்தி கூட்டத்துக்குள் நுழைந்து அவர் உடையைத் தொட்டுக் குணமாக, எல்லாம் அப்படியே நின்றுபோகிறது. இது என்ன நியாயம்? முதலில் வந்தவர் தலைவரல்லவா? அவளைத் தூக்கிக் கடைசிக் காட்சியில் வைத்துவிட்டேன். வரிசை என்றால் வரிசைதான்.

மார்ச் 6, வியாழன்

பாட்டுக்குழு வாத்தியார் படித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஒத்திகை பாப்போம். எடுபடலைன்னா போன வருஷ நாடகத்தையே போட்டுடலாம்." இன்னும் மூன்றே நாள்!

மார்ச் 9, ஞாயிறு

மானம் போச்சு.

அண்ணன்தான் தலைவர் வேஷம். அவன் மகளே சாகப்போகும் மகள். அண்ணன் கெஞ்சினான், இயேசுவாக நடிக்கும் தபால்காரர் கிளம்பினார், மூன்றே எட்டில் வீடு வந்துவிட்டது. கட்டிலிலிருந்து அண்ணன் மகள் தலையை நீட்டிக் கத்துகிறாள்: "அத்தை! நான் எப்போ சாகறது? நேரமே தரலையே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியாரும்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "புதன்கிழமைக்குள்ள சரிபண்ணிக் குடும்மா" என்றார். முதல் நாடகம், அதுவும் போச்சா?

மார்ச் 10, திங்கள்

ஐயோ ஐயோ ஐயோ! பஸ்ஸில் சுவிசேஷத்தைத் திரும்பப் படித்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போனதே தெரியவில்லை!

அவள் நடுவில் நுழைந்து நேரமாவதால்தானே இந்தப் பிள்ளை சாகிறாள்! அதோடு விட்டதா? அவளுக்கு நோய் பன்னிரண்டு வருஷம், பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. இவள் பிறந்த வருஷம்தான் அவளுக்கு நோய் வந்திருக்கிறது! தலைவரும் காலில் விழுகிறார், அவளும் விழுகிறாள். இயேசு அவளை "மகளே" என்று கூப்பிட்டு வாய் மூடவில்லை, உம் மகள் செத்துவிட்டாள் என்று ஆள் வருகிறது. எவ்வளவு கணக்காக அடுக்கியிருக்கிறார்கள்! நான் என்னடான்னா அதைப் பிரிச்சு டோக்கன் போட்டிருக்கேன். லூசு, லூசு!

மார்ச் 12, புதன்

அவளைத் திரும்ப நடுவில் வைத்துக் கொடுத்துவிட்டேன். வாத்தியார் "ம்" என்றார். "ம்" என்றால் என்ன?

மார்ச் 16, ஞாயிறு

என் நாடகமே மேடையேறிவிட்டது! தபால்காரர் நின்று, தன்னைத் தொட்டது யார் என்று நிதானமாகத் தேடுகிறார். அண்ணன் பக்கத்தில் கையைப் பிசைகிறான். திடீரென்று மூன்றாவது வரிசையில் எங்கள் கிளினிக் டாக்டர் எழுந்தே விட்டார்: "ஐயா, அங்க பிள்ளை சாகுது, நடங்கய்யா!"

தபால்காரர் கையைப் பிடிக்க, செத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தபோது நான் ஓவென்று அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் கிளினிக்குக்கு வாத்தியார் வந்தார். வரிசையைப் பிளந்துகொண்டு நேராக என் மேஜைக்கு. போன வருஷ நாடகத் தாள்களை வைத்து, "இதுலயும் யாரையாவது நடுவுல நுழைய விடும்மா" என்றார்.

வரிசையில் ஒருவர், "சார், டோக்கன் எடுத்தீங்களா?" என்று கத்தினார். நான் அவரிடம் டோக்கன் கேட்கவில்லை.