குழாயின் மறுமுனை

12-5-68, ஞாயிறு
மதியம் கரண்டு இல்லை. நான்கு விசைத்தறியும் நின்றிருந்தன. சாப்பிட உட்கார்ந்து மகள் முத்துவைக் கூப்பிட்டேன், நான்கு முறை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பவே இல்லை. எழுந்துபோய் ஓர் அறை விட்டேன். ஐந்து வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. பழனிக்கு நேர்ந்திருக்கிறோம், வந்துவிடும். பிடிவாதம் மட்டும் அப்படியே என்னுடையது.

15-5-68
முத்துவை அறைந்ததிலிருந்து என் மனைவி அமராவதி முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயமுத்தூரில் குழந்தைகளுக்கு விஞ்ஞானக் கண்காட்சி போட்டிருக்கிறார்களாம், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை மூவரும் போகலாம் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

19-5-68, ஞாயிறு
எப்படி எழுதுவது?

அங்கே நீளமான தகரக் குழாய் ஒன்று. இந்த முனையில் பேசினால் மறு அறையில் கேட்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று கேட்டுச் சிரித்தார்கள். முத்துவின் முறை வந்ததும் நான் பேசினேன். "முத்து, கண்ணு, மிட்டாய் வேணுமா?" பதில் இல்லை. மறு அறைக்குப் போய்ப் பார்த்தால், குழாயில் கண்ணை வைத்து உள்ளே தேடிக்கொண்டிருக்கிறாள்.

அங்கிருந்த டீச்சர் அவள் பின்னால் நின்று பெரிய மணியை அடித்தார். எனக்கே காது அடைத்தது. முத்து அசையவில்லை.

"கொழந்தைக்குக் காது கேக்கலீங்க."

"ஊட்டுல கூப்பிட்டா வர்றாளுங்களே."

"எப்படிங்க கூப்பிடுவீங்க?"

தறிச் சத்தத்தில் எங்கள் வீட்டில் வாய்ப்பேச்சு ஆகாது. எல்லாம் கைதான். நூல் தீர்ந்தால் மணிக்கட்டைத் தேய்ப்போம். வா என்றால் நெஞ்சில் இரண்டு தட்டு. அதை டீச்சருக்குத் தட்டிக் காட்டினேன். அறையின் அந்தக் கோடியிலிருந்து முத்து ஓடி வந்தாள்.



பஸ் ஏறி எங்கள் ஊர் சாமளாபுரம் வந்தோம். இறங்கும்போது அமராவதி சொன்னாள்: "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியுமுங்க."

"ஏம்புள்ள, என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னனுங்க, மூணு தடவ. தறி ஓடிட்டிருந்துது. நீங்க தலைய ஆட்டிட்டுப் போயிட்டீங்க. தறி நின்னா நீங்க தூங்கிருவீங்க."

20-5-68
கேட்காத பிள்ளையை அறைந்திருக்கிறேன். ஒரு தடவையா?

27-5-68
பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிறவியிலேயே கேட்கும் சக்தி இல்லையாம். "அஞ்சு வருசம் எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று டாக்டர் கேட்டார். அமராவதி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை.

17-6-68
காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தாயிற்று. அங்கேயே தங்க வேண்டும். வாசலில் முத்து என்னைப் பார்த்து நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். நான் போகவில்லை. போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

2-8-68
ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு தறியையும் நிறுத்திவிடுகிறேன். ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுச் சாமியப்பன் வந்து, "கரண்டு போச்சுங்களா?" என்றார். இல்லீங்க என்றேன். முத்து நினைப்பில் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். அவளுக்குத் தறி ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான்.

இத்தனை நாளும் அமராவதி பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுவாள், அவ்வளவுதான். இன்று பேசினாள். முத்து தொட்டிலில் கிடந்தபோது கிண்ணம் கீழே விழுந்தும் தூக்கம் கலையாமல், தனக்கு முதன்முதலில் சந்தேகம் தட்டிய அந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். ஏழு மணி ஆனது, ஏழரை ஆனது. நான் தறிப் பக்கம் எழுந்து போகவில்லை.