சதுரங்களுக்குப் பொட்டு

செப்டம்பர் 27, சனி

பக்கத்து வீட்டு ஜின்னின் கராஜ் கூரை ஒழுகுகிறது. அவளுடைய பெரிய ஓவியத்தை எங்கள் கராஜில் வைத்திருக்கிறோம். இரண்டு வாரத்தில் சான் ஹோசேயில் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி, நடுச்சுவரே இதற்குத்தான். ப்ரைமர் பூசாத வெறும் துணியில் மசியால் சதுரத்துக்குள் சதுரம். கோடை முழுக்க இதே வேலையாக இருந்தாள். கோடு நேராக நிற்கிறது, மசி மட்டும் ஓரங்களில் இஷ்டத்துக்குக் கசிகிறது. சீனாவில், செங்டுவில், அவளுக்கு மலை வரையக் கற்றுக்கொடுத்த வாத்தியார் "மலை எங்கே?" என்று கேட்டாராம். மலையை எடுத்துவிட்டால் மிஞ்சுவதைத்தான் வரைகிறேன் என்றாளாம்.

என் வீட்டுக்காரர் கதிர் பார்த்துவிட்டு, "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு ப்ரியா" என்றார். முறைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். கதிரே பூஜையை முடித்துவிட்டார். கார், லேப்டாப், ரவுட்டர், வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு.

ஐயோ, அதுக்குமா!

ஜின்னின் ஓவியத்தில் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுச்சதுரத்தில் பெரிதாக ஒன்று. சந்தனத்தில் மஞ்சள் வேறு. துணி குடித்துவிட்டது. ஒற்றி எடுக்கப் போனேன், சிவப்பு இன்னும் பரவியது.

"அது அவங்க தொழில்தானே? ஷோ நல்லா போகட்டும்னுதான் வெச்சேன்" என்கிறார். ஜின்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

அக்டோபர் 2

சொன்னேன். வந்து பார்த்தாள். கதிர் சாரி சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கத்தியிருந்தால் தேவலை. ஏன் வைத்தார் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டு ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 4

ஜின் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அவளே வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஓவியம் தரையில் கிடந்தது. கையில் ரோலர், பக்கத்தில் வெள்ளை பெயிண்ட்.

"ஜின், நோ! அப்படியே மாட்டு. யாருக்குத் தெரியப் போகிறது?"

"எனக்குத் தெரியும்" என்றாள்.

உருட்டிவிட்டாள். பொட்டு போனது, சதுரங்கள் போயின, ஒரு கோடைக்கால உழைப்பு மொத்தமும் என் கண் முன்னால் வெள்ளையாகிவிட்டது. என்னால் நம்பவே முடியவில்லை. அழுதது நான்தான், அவள் அழவில்லை.

அக்டோபர் 11

கண்காட்சிக்குப் போனோம். நடுச்சுவர் காலி. கதிர் அதன் எதிரே நின்றவர் நகரவே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் ஜின் கதவைத் தட்டினாள். வெள்ளையடித்த அதே துணியில் கோடு போட டேப் ஒட்ட வேண்டுமாம், ஒரு முனையை நான் பிடிக்க வேண்டுமாம். போனேன். பிடித்தேன். டேப் கோணலாக விழுந்தது. பரவாயில்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். உரித்து எறிந்துவிட்டு, "மறுபடியும்" என்றாள்.

மத்தியானம் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.