செவ்வாய்க்கிழமை நடை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

சர்க்கரையால் பாதம் மரத்துவருகிறது; தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். மழையில் நான்கு நாள் நடக்கவில்லை. இப்படித் தவறினால் குறிப்பேட்டில் அந்த மாத நடைக்கணக்குப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குக் காத்திருப்பேன். இந்த ஆண்டு நடந்ததைவிடக் காத்திருந்ததே அதிகம். இன்றும் கிழிக்கப் போனபோது மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏங்க, நேத்து சோறு கொழஞ்சுபோச்சு. அதுக்காக ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒல வைக்காமயா இருந்தேன்?”

“செவ்வாய்க்கிழமை புதுசா எதையும் தொடங்கக் கூடாதே.”

“இதென்ன புதுசா? பழைய நடதானங்க. எந்திரிங்க.”

எழுந்து செருப்பை மாட்டினேன். ஊருணியை ஒரு சுற்று மட்டும் சுற்றிவந்தேன். இந்த மாதப் பக்கத்தில், நாளுக்கொன்றாக, முதல் நான்கு கட்டங்கள் காலி. ஐந்தாவதில் ‘ஒரு சுற்று’ என்று எழுதினேன். என்னைத் திட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. நாளை மழை வந்தால் ஆறாவதும் காலியாகலாம். பரவாயில்லை, பக்கம் இருக்கும்.