வெள்ளி போல மின்னும் ஸ்பிரிங்

டில்லி,
9.12.1979

அன்புள்ள அப்பாவுக்குக் கலியனின் வணக்கம். நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

எங்கள் பட்டறையில் கார் ஸ்பிரிங்குக்குக் கறுப்புப் பெயிண்டுக்குப் பதிலாகக் குரோமியம் முலாம் பூசுகிறோம் என்று எழுதியிருந்தேன். நேற்று வாசலில் சும்மா நின்ற பியட்டில் அப்படி ஒன்று படாரென்று முறிந்தது. யாருக்கும் அடியில்லை. முலாம் பூசிய கையோடு அடுப்பில் சூடாக்காவிட்டால் ஸ்டீல் உள்ளுக்குள் விரிசல் விடுமாம். நாங்கள் சூடாக்கியதே இல்லை. "அச்சா, இனி பெயிண்டே அடி" என்றதோடு முதலாளி போய்விட்டார்.

தீபாவளிக்கு உங்கள் டாக்சிக்கு நான் அனுப்பிய ஜோடியும் அதுதான். மாட்டியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். தந்தி என்றால் அம்மா பயந்துவிடுவாள் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

ஊறுகாய் எதுவும் அனுப்ப வேண்டாம். பதில் மட்டும் போடுங்கள், உங்கள் கையாலேயே.

கலியன்